லேப்டாப்புக்கும் ஒரு மெட்ரோலக்

தம்பி, நீ வாட்ஸாப்பிலே அனுப்பின எக்ஸெல் தாளைக் கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை பார்த்தேன். மூணு லேப்டாப்பு. ஒவ்வொண்ணுக்கும் நேரா பச்சை, மஞ்சள், சிவப்புன்னு கலர். அடியிலே மார்க்குக் கூட்டி ரேங்க் வேற போட்டிருக்கே. பள்ளிக்கூடத்திலே படிக்கிறப்போ இவ்வளவு சுத்தமா நீ ஒரு தாள் எழுதி நான் பார்த்ததில்லே. கடைசியிலே "எதை வாங்கலாம், சொல்லுங்க தாத்தா"ன்னு கேட்டிருக்கே. அதுக்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாத எழுத்திலே, "1,500 வெள்ளி குறையுது"ன்னு ஒரு வரி. கிராணி வேலை பார்த்தவன்கிட்ட சின்ன எழுத்தை ஒளிச்சு வைக்கலாமா?

காசைப் பத்தி அப்புறம் பேசுவோம். புத்தி கேட்டிருக்கே, அது ஓசி. முதல்லே அதை வாங்கிக்கோ.

நான் ட்ரோங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலே பால் ஸ்டோர்லே நிறுவை பார்த்தவன். உன் அப்பனுக்கே அந்தத் தோட்டம் சரியா ஞாபகம் இருக்காது. செம்பனையைப் போட்டுட்டு லயத்தை இடிச்சிட்டாங்க. உனக்கு எங்கே தெரியப் போகுது? விடியறதுக்கு முன்னே மரம் வெட்டப் போன ஆளுங்க வெயில் ஏறினதும் காண்டா வாளியைத் தோளிலே போட்டுக்கிட்டு வரிசையா வந்து நிப்பாங்க. வாளியைத் தராசிலே மாட்டி எடையைச் சொல்லுவோம். ஆனா சம்பளம் அந்த எடைக்கு இல்லே. மரத்திலேருந்து வர்ற பாலிலே மூணிலே ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடக்குறையத்தான் ரப்பர், மிச்சமெல்லாம் தண்ணிதான். அதனாலே மெட்ரோலக்குன்னு ஒரு கருவியைப் பாலிலே மிதக்க விடுவோம். ரப்பர் தண்ணியைவிட லேசு. பால் கெட்டியா இருந்தா கருவி நல்லா முங்கும், தண்ணி கூடினா மேலே எழும்பி நிக்கும். அதைப் பார்த்து இந்த வாளியிலே காஞ்ச ரப்பர் இவ்வளவுன்னு கணக்கு எழுதுவோம், கூலி அந்தக் காஞ்ச எடைக்குத்தான். சில கெட்டிக்காரனுங்க வர்ற வழியிலே அல்லூர்த் தண்ணியை வாளியிலே சேர்த்துக்கிட்டு வந்து, ஒண்ணும் தெரியாத பச்சைப் புள்ளையாட்டம் மூஞ்சியை வச்சிக்கிட்டு நிப்பானுங்க. வாயிலே நூறு நியாயம் சொல்லுவான். மெட்ரோலக் வாயைத் திறக்காது, தலையைத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

உன் தாளிலே இருக்கிறது பூராவும் ஈர எடை, பேராண்டி.

முதல் மெஷினையே எடுத்துக்கோ. ரெண்டாயிரத்துச் சொச்சம், மெலிசா இருக்கு, சில்வர் கலரு. "ரைசன் 5 7520யு, லேட்டஸ்ட்"னு பச்சை அடிச்சு வச்சிருக்கே. ஏ.எம்.டி. கம்பெனிக்காரன் 2022லே ஒரு பேர் வைக்கிற முறை கொண்டு வந்தான். நாலு இலக்கத்திலே முதல் எண் எந்த வருஷத்து வரிசைன்னு சொல்லும். உள்ளே இருக்கிற சரக்கு எந்தத் தலைமுறைங்கிறது மூணாவது எண்ணிலே. 7520லே மூணாவது எண் 2. ஜென் 2ங்கிற அந்த அடிப்படை 2019லே வெளியே வந்தது. புதுச் சட்டை போட்டுக்கிட்டு பழைய ஆளு வந்து நிக்கிறான், நீ ஷேக் ஹேண்டு குடுத்திருக்கே. இதே வரிசையிலே 7640ன்னு போட்டிருந்தா மூணாவது எண் 4, அது உண்மையிலேயே வேற தலைமுறை. கம்பெனி பொய் சொல்லலே, எல்லாத்தையும் பேரிலேயே எழுதித்தான் வச்சிருக்கான். படிக்கிற இடத்திலே படிக்காம முதல் எண்ணையே வெறிச்சுப் பார்த்தது நீ. கோயிலுக்கு ஒரு பிரின்டர் வாங்கறதுன்னாலே நல்லது கெட்டது எல்லாத்தையும் தேடிப் பார்க்கிற பய, இதை ஏன் பார்க்கலே?

இன்டெல்காரன் மட்டும் யோக்கியனா? ஐ7னா ஐ5ஐவிட ஒசத்தின்னு உன் தாளிலே எழுதி வச்சிருக்கே. 12ஆம் தலைமுறையிலே ஐ7-1255யுன்னு ஒண்ணு, ஐ5-12500எச்னு ஒண்ணு. முன்னதிலே பெரிய கோர் 2, சின்ன கோர் 8. அடிப்படை மின்சாரம் 15 வாட். பின்னதிலே பெரிசு 4, சின்னது 8, 45 வாட். தொடர்ந்து பாரம் ஏத்தினா ஐ5தான் ஐ7ஐத் தாண்டிப் போகும். கடைசியிலே ஒட்டிக்கிட்டிருக்கிற அந்த ஒத்தை எழுத்து இருக்கே, யு, எச், அதுதான் ஜாதகம். யுன்னா பேட்டரியைப் பார்த்துப் பார்த்துச் செலவு பண்ற ஆளு. எச்னா வேலையும் ஜாஸ்தி, சூடும் ஜாஸ்தி, காத்தாடிச் சத்தமும் ஜாஸ்தி. 2023 டிசம்பர்லே அந்த ஐ எழுத்தையே எடுத்துட்டு 'கோர் அல்ட்ரா'ன்னு புதுப் பேர் வச்சிட்டான். நீங்கல்லாம் மனப்பாடம் பண்ணி முடிக்கிற நேரம் பார்த்துப் பேரை மாத்துறதுக்குன்னே அங்கே ஒரு ஆபீஸ் நடக்குதுன்னு நினைக்கிறேன்.

ரெண்டாவது மெஷின் கேமிங் சாதி. கீபோர்டுலே ரத்தினக்கல் பதிச்ச வெளிச்சம், ஆர்.டி.எக்ஸ். 4050. "வீடியோ எடிட்டிங்குக்கு"ன்னு காரணம் எழுதியிருக்கே. படிச்சிட்டு ரொம்ப நேரம் யோசிச்சேன், எந்த வீடியோன்னு. அப்புறம் ஞாபகம் வந்தது, தைப்பூசத்துக்கு உன் மாமன் பையன் காவடி எடுத்ததை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, குடும்ப குரூப்பிலே விட்டியே, அதுவா? அதுக்கு முன்னாலேயும் ஒண்ணுமில்லே, அதுக்கப்புறமும் ஒண்ணுமில்லே. அந்த ஒரு காவடிக்கு ரெண்டு கிலோவுக்கு மேலே ஒரு மெஷினும், செங்கல் சைசுக்கு ஒரு சார்ஜரும் தோளிலே தொங்கப் போகுது. ஈப்போவிலேருந்து ஈ.டி.எஸ். ரயிலேறி தைப்பிங் வர்றவன் நீ. காவடி எடுத்தவன் ஒரு நாளிலே இறக்கி வச்சிட்டான், நீ அஞ்சு வருஷம் சுமக்கணும்.

அந்த 4050லேயும் ஒரு சூட்சுமம். என்விடியாவோட கணக்குப்படியே லேப்டாப் 4050க்கு 35 வாட்டிலேருந்து 115 வாட் வரைக்கும் குடுக்கலாம். எவ்வளவு குடுக்கிறதுங்கிறது லேப்டாப் கம்பெனியோட இஷ்டம். மெலிசான பெட்டியிலே போட்டுக் குறைச்சு ஊட்டினாலும் ஸ்டிக்கர்லே 4050தான், வயிறு நிறையக் குடுத்தாலும் 4050தான். உன் தாளிலே அந்த வாட்டுக்கு ஒரு கட்டம் கூட இல்லே. கலர் மட்டும் பச்சை.

மூணாவது மேக்புக் ஏர். இதைப் பத்திக் கெட்டதாச் சொல்ல ஆசைதான், ஆனா வாய் வரமாட்டேங்குது. காத்தாடி கிடையாது, அதனாலே தூசி உறிஞ்சாது, சத்தம் கிடையாது. எடை ஒன்னேகால் கிலோகூட இல்லே. 2024 அக்டோபர்லேருந்து அடி மாடலுக்கே 16 ஜிபி மெமரி குடுக்கிறான், அதுவரைக்கும் 8 ஜிபியை வச்சிக்கிட்டு அது போதும் போதும்னு ஊரை நம்ப வச்சவன். தமிழ் அடிக்கிறதுக்கும் அதிலே குறையில்லே. நம்ம நாட்டு ஆளு முத்து நெடுமாறன் பண்ணின இணைமதி எழுத்துரு பல வருஷமா மேக்கோடவே வருது, அஞ்சல் விசைமுறையும் உள்ளேயே இருக்கு. ஆனா வாங்கற அன்னைக்கு மெமரி எவ்வளவோ, அதுதான் கடைசி வரைக்கும். எல்லாம் பலகையிலே ஒட்டினது, பின்னாலே கூட்ட முடியாது. 256 ஜிபி நிறைஞ்சிட்டா வெளியே ஒரு டிஸ்க்கைத் தொங்க விட்டுக்கிட்டு அலையணும். உன் கோயில் கமிட்டி கணக்கிலே மேக்ரோ போட்ட பழைய எக்ஸெல் ஒண்ணு இருக்கே, அதைத் திறந்தா என்ன ஆகும்னு முதல்லே ஒரு மேக் வச்சிருக்கிறவன்கிட்டே ஓட்டிப் பாரு. பொருளாளர் நீதானே? பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் ராத்திரி அது மக்கர் பண்ணிச்சுன்னா கமிட்டி உன்னை என்ன பண்ணும்னு எனக்குத் தெரியும், நானும் இருந்தவன்தான்.

இப்போ உன்னையே மெட்ரோலக்கிலே போடுவோம். நீ அந்த மெஷினிலே என்னதான் பண்றே? ஆபீஸ் வேலைக்கு ஆபீஸ்காரன் தனியா ஒண்ணு குடுத்திருக்கான். உன் சொந்த லேப்டாப்பிலே கோயில் கணக்கு, பேங்க் சமாச்சாரம், யூடியூப், ராத்திரி படம், இருபது முப்பது டேப் திறந்து வச்சிக்கிட்டு எதையும் மூடாம இருக்கிற பழக்கம். இதிலே மெஷினைக் கஷ்டப்படுத்தறது எது? சந்தேகமா இருந்தா ஒரு காரியம் பண்ணு. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணு பொத்தானையும் சேர்த்து அமுக்கினா டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெஷின் எப்போ திணறுதோ அப்போ பாரு. சிபியு நூறைத் தொடுதா, மெமரி நிறைஞ்சு வழியுதா, டிஸ்க்கா? ஒரு வாரம் பாரு, எழுதி வை. தாள் போடறதுதான் உனக்குக் கைவந்த கலையாச்சே, இந்தத் தாளையும் போடு.

என்ன வரும்னு இப்பவே சொல்லட்டுமா? சிபியு சும்மா உக்காந்து கொட்டாவி விட்டுக்கிட்டிருக்கும். டிஸ்க் 100லே நிக்கும். ஏன்னா 2018லே நீ வாங்கின அந்த மெஷினிலே இருக்கிறது சுத்துற தட்டு, ஹார்ட் டிஸ்க். அதைக் கழட்டிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டா, விண்டோஸ் எழுந்திரிக்கிறதுக்குள்ளே நீ கோப்பி கலக்கிக் குடிச்சிட்டு வர்ற பழக்கம் நின்னு போயிடும். 8 ஜிபி மெமரியோட இன்னொரு 8 சேர்க்கவும் அதிலே ஓட்டை காலியா இருக்கு. 2025 கடைசியிலேருந்து ஏ.ஐ. டேட்டா சென்டர்க்காரனுங்க மெமரியை அள்ளிக்கிட்டுப் போறதாலே விலை ஏறிப்போச்சு, உண்மைதான். ஆனாலும் ரெண்டையும் சேர்த்தாலும் உன் மேக்புக் விலையிலே கால்வாசி ஆகாது.

"விண்டோஸ் 10 செத்துப் போச்சு தாத்தா, கடைக்காரரு சொன்னாரு"ம்பே. செத்தது வாஸ்தவம்தான், 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாப்ட் கையைக் கழுவிட்டான், ஆசைப்படறவனுக்கு மட்டும் பாதுகாப்பை இன்னும் ஒரு வருஷம் நீட்டியிருக்கான். ஆனா விண்டோஸ் 11 ஏறணும்னா டி.பி.எம். 2.0 இருக்கணும், இன்டெல்னா பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதுக்கு மேலேயோ இருக்கணும். 7ஆம் தலைமுறைக்காரன் வாசல்லே நின்னுட்டான், 8ஆம் தலைமுறைக்காரன் உள்ளே போயிட்டான். உன் பழைய மெஷின் எந்தத் தலைமுறைன்னு கடைக்காரரு கேட்டாரா? கேக்க மாட்டாரு. கேட்டா நீ வீட்டுக்குப் போயிடுவே.

அடுத்தது உன் இன்னொரு வியாதி. போன வருஷமும் இதே தாளைப் போட்டே. அப்போ என்ன சொன்னே? "அடுத்த மாடல் வருதாம், கொஞ்சம் பொறுப்போம்." அடுத்த மாடல் வந்தது. அதுக்கும் அடுத்தது வருதுன்னு இன்னொரு சேதியும் கூடவே வந்தது. இந்தப் பேச்சு ஒரு ஆளையே குழியிலே தள்ளிடுச்சு, தெரியுமா? அவன் யாரு, எவன்னு கேட்டா நீ நம்ப மாட்டே. திருவண்ணாமலையிலே வளர்ந்த பய.

ஆடம் ஆஸ்பர்ன். 1939லே பேங்காக்கிலே பிறந்தவன். அப்பா ஆர்தர் ஆஸ்பர்ன் இங்கிலீஷ்காரரு, ரமண மகரிஷியோட பக்தர். சண்டைக் காலத்திலே ஜப்பான்காரன் அவரைச் சிறை வச்சிட்டான். பொண்டாட்டி புள்ளைங்க திருவண்ணாமலையிலே இருந்தாங்க. அந்தப் பையன் அங்கே தமிழ்ப் புள்ளைங்களோட ஓடியாடி, தமிழ் பேசி வளர்ந்தான். பின்னாலே இங்கிலாந்து போயி, அமெரிக்கா போயி, புஸ்தகம் எழுதிப் பதிப்பிச்சு, 1981லே ஆஸ்பர்ன் 1ன்னு ஒண்ணைக் கொண்டு வந்தான். கையிலே தூக்கிட்டுப் போற கம்ப்யூட்டர்லே காசு பார்த்த முதல் மெஷின் அதுதான். நீ இன்னைக்கு வாங்கத் துடிக்கிறதுக்கெல்லாம் முப்பாட்டன். எடை பதினோரு கிலோ. திரை அஞ்சு அங்குலம், உன் போனைவிடச் சின்னது. பேட்டரி கிடையாது, தூக்கிட்டுப் போன இடத்திலே பிளக் பாயின்ட் தேடணும். 64 கேபி மெமரி. விலை 1,795 டாலர். ஆனா அவன் ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணினான். எழுதறதுக்கு வேர்ட்ஸ்டார், கணக்குப் போட சூப்பர்கால்க், எல்லாத்தையும் கூடவே வச்சுக் குடுத்துட்டான். தனியா வாங்கினா அதுகளே மெஷின் விலைக்குக் கிட்டே வரும். வேகத்திலேயும் அழகிலேயும் மத்தவனை மிஞ்சறது நமக்கு வேண்டாம், போதுமானதைக் குடுத்தாப் போதும்னு வெளிப்படையாச் சொன்ன ஆளு. சனம் வாங்கிக் குவிச்சது.

அப்புறம் 1983லே அடுத்த மாடலைப் பத்தி வாயைத் திறந்தான். அதுதான் வரப் போகுதே, இதை எதுக்கு வாங்கணும்னு கடைக்காரனுங்க கையிலே இருக்கிற ஆர்டரை நிறுத்திட்டானுங்க. பழசு குடோன்லே தேங்கிப் போச்சு, புதுசு இன்னும் கைக்கு வரலே. அந்த வருஷம் செப்டம்பர்லே கம்பெனி திவால். வேற காரணமும் இருந்துச்சு, ஐ.பி.எம். ஒரு பக்கம், காம்பாக் ஒரு பக்கம்னு நெருக்கினாங்கன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்றாங்க. இருந்தாலும் பேர் என்னமோ அவன் தலையிலேயே விழுந்திடுச்சு. அடுத்த மாடலைப் பேசிப் பேசி இந்த மாடல் விக்காமப் போறதுக்கு வியாபாரிங்க இன்னைக்கும் அவன் பேரைத்தான் சொல்றாங்க. கடைசிக் காலத்திலே இந்தியாவுக்கே திரும்பி வந்து கொடைக்கானல்லே 2003லே கண்ணை மூடினான். நான் கிரிவலம் போனப்போ ஆசிரமத்து வாசல்லே நின்னு, நம்ம பேராண்டிங்க எல்லாம் ராத்திரி முழிச்சு லேப்டாப் ரிவியூ பார்க்கிறதுக்கு விதை போட்டவன் இந்தத் தெருவிலேதான் கோலி ஆடியிருப்பான்னு நினைச்சுச் சிரிச்சேன். பக்கத்திலே நின்னவரு எனக்கு ஏதோ அருள் வந்துட்டதா நினைச்சுக் கும்பிட்டாரு.

ஆக, காத்திருந்தா நல்லது வரும்னு நீ நம்பினா காத்திரு. ஆனா காத்திருக்கிற நேரத்திலே தாள் போடாதே.

காசுக்கு வழி சொல்லியிருக்கே பாரு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். "இன்கம் டேக்ஸ்லே 2,500 திரும்ப வந்திடும் தாத்தா." யாரு சொன்னது, அதே கடைக்காரரா? லைஃப்ஸ்டைல்னு 2,500 வெள்ளிக்கு ஒரு கழிவு இருக்கு, கம்ப்யூட்டர், போன், புஸ்தகம், இன்டர்நெட் பில் எல்லாம் அந்த ஒரே பையிலேதான். ஆனா கழிக்கிறது வரியை இல்லே, வரி போடற வருமானத்தை. உன் வருமானம் 6 விழுக்காட்டுப் படியிலே நிக்குதுன்னா உனக்கு மிச்சமாகிறது 150 வெள்ளி. 11 விழுக்காட்டுப் படின்னா 275. 2,500 இல்லே. அதுவும் இந்த வருஷம் பொங்கலுக்கு நீ போன் மாத்தினே, அந்த ரசீதுலேயே பை நிறைஞ்சிருக்கும். வீட்டு இன்டர்நெட் பில் வேற. நூத்தம்பது வெள்ளி மிச்சம் புடிக்க நாலாயிரம் செலவு பண்றவனைத்தான் கமிட்டியிலே பொருளாளரா வச்சிருக்காங்க. முருகா.

இன்னொரு வழி, "சேமநிதி அக்கவுன்ட் 3லேருந்து எடுத்துக்கலாம்." 2024 மே மாசம் அதைத் திறந்து விட்டதிலேருந்து உங்க வயசுக்காரனுங்களுக்கு அது உண்டியலாப் போச்சு. 50 வெள்ளி இருந்தாப் போதும், எப்ப வேணும்னாலும் எடுக்கலாம். இதுக்கு முந்தியும் ஒரு கூத்து நடந்தது. 2000 வாக்கிலே, வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும்னு சேமநிதியிலேருந்து எடுக்க விட்டாங்க. நம்ம ஆளுங்க கம்ப்யூட்டர் வாங்கினாங்களோ இல்லியோ, ரசீது வாங்கினாங்க. கடைக்காரனுக்கு ஒரு பங்கு, இவனுக்கு ரொக்கம், வீட்டிலே கம்ப்யூட்டருக்குன்னு வாங்கின மேசை மட்டும். அப்புறம் அதை நிறுத்திட்டாங்க. நீ ரசீது ஆளு இல்லே, நிஜமாவே வாங்கிடுவே. அதனாலேதான் எனக்குப் பயம். அறுபது வயசிலே உனக்குப் பல்லு கட்டறதுக்குன்னு இருக்கிற காசு அது. கீபோர்டு வெளிச்சம் அப்போ கடிக்க உதவாது.

ஏ.ஐ. பி.சி.ன்னு ஒரு கட்டம் போட்டிருக்கே. மைக்ரோசாப்ட் அதுக்குக் கோபைலட்+ முத்திரை குத்தணும்னா 16 ஜிபி மெமரி, 256 ஜிபி எஸ்.எஸ்.டி., 40 டாப்ஸ் என்.பி.யு. வேணும். ஒரு நொடிக்கு 40 லட்சம் கோடிக் கணக்கு. கோயில் வரவுசெலவு ரெண்டு பக்கம், அதிலேயும் ஒரு பக்கம் தேங்காய். இதுக்கு மேலே நான் ஒண்ணும் சொல்லலே.

உன் தாளிலே இல்லாத கட்டத்துக்கு வருவோம். தினமும் நீ பார்க்கப் போறது திரையை, தொடப் போறது கீபோர்டை. ரெண்டுக்கும் மார்க்கே இல்லே! திரைக்கு நிட்ஸ்னு ஒரு அளவு. 250 நிட்ஸ், 45 விழுக்காடு என்.டி.எஸ்.சி.ன்னு போட்டிருந்தா, சாமி படத்திலே குங்குமம் செங்கல் பொடியாத் தெரியும், ஜன்னல் பக்கம் உக்காந்தா உன் மூஞ்சிதான் தெரியும். 300, 400 நிட்ஸ், எஸ்.ஆர்.ஜி.பி. நூறு கிட்டே இருக்கிறதைத் தேடு. கீபோர்டைக் கடையிலே நின்னு உன் பேரையும் என் பேரையும் நாலு தடவை அடிச்சுப் பாரு. பேட்டரிக்கு "18 மணி நேரம்"னு போட்டிருப்பான், அது வெளிச்சத்தைக் குறைச்சு வச்சு ஒரே வீடியோவை ஓட விட்ட கணக்கு. அதை விட்டுட்டு வாட்-அவர் எவ்வளவுன்னு பாரு. 41க்கும் 70க்கும் வித்தியாசம் ரயிலிலேயே தெரிஞ்சிடும். ஒரு நல்ல பழக்கம், வீட்டிலேயே பிளக்கிலே கிடக்கிற மெஷின்னா 80 விழுக்காட்டோட சார்ஜை நிறுத்தச் சொல்லி செட்டிங் இருக்கும், போட்டு வை. கம்மி விலையிலே ஏ.பி. செட்டு, வெளிநாட்டுச் சரக்குன்னு எவனாவது நீட்டினா, வாரன்டி எந்த நாட்டுலே செல்லும்னு கேளு. நம்ம நாட்டு வாரன்டி, அதிலேயும் வீட்டுக்கே வந்து பார்க்கிற வாரன்டி இருந்தா அதுக்கு ரெண்டு மார்க் கூடப் போடு. பெட்டி கட்டி கே.எல்.லுக்கு அனுப்பிட்டு மூணு வாரம் போனிலேயே கோயில் கணக்கு எழுதினவனைக் கேட்டா தெரியும்.

அதோட நம்ம ஊரையும் கணக்கிலே சேர்த்துக்கோ. தைப்பிங் மழையைப் பத்தி உனக்குச் சொல்லணுமா? தீபகற்பத்திலேயே அதிகமா நனையற ஊரு, வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டர் கிட்டே. இன்னைக்குச் சாயங்காலம் மழை வருமா வராதான்னு சீனக் கிழவனுங்க பந்தயம் கட்டி விளையாடின ஊருய்யா இது. குளுகுளு ரயில் பெட்டியிலேருந்து இறங்கி, ஜில்லுனு இருக்கிற மெஷினை இந்த ஈரக் காத்திலே உடனே திறந்தா உள்ளே வேர்க்கும். பத்து நிமிஷம் பையிலேயே கிடக்கட்டும். லாரூட் மலைப் பக்கம் இடி கேட்டதும் சுவத்துலேருந்து சார்ஜரைப் பிடுங்கு. உன் பாட்டி டிவிக்குச் செய்வா, அவகிட்டே கத்துக்கோ. சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு வாங்கி வை, உன் தாளிலே இருக்கிற எல்லாத்தையும்விட மலிவு அதுதான்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்னு கேட்பே. 1972லே இன்டெல்காரன் அமெரிக்காவுக்கு வெளியே முதல் தொழிற்சாலையைப் பினாங்கு பாயான் லெப்பாஸ்லேதான் போட்டான். தோட்டத்துப் பொண்ணுங்களும் கம்பத்துப் பொண்ணுங்களும் பினாங்கு போயி, ஒரே ரூமிலே ஆறேழு பேரு தங்கி, மைக்ராஸ்கோப்பிலே கண்ணை வச்சு மயிரைவிட மெல்லிசான தங்கக் கம்பியைச் சில்லிலே கட்டினாங்க. அப்போ பாலம் ஏது, 1985லேதான் வந்தது, பெரி ஏறணும். என் தங்கச்சியும் போனா. கண்ணாடி போட்டுக்கிட்டுத் திரும்பி வந்தா. அந்தக் காலத்து இன்டெல் சில்லைத் திருப்பிப் பார்த்தா 'மலாய்'னு பொறிச்சிருக்கும். நீ யூடியூபிலே அமெரிக்காக்காரன் சொல்றதைக் கேட்டு மார்க்குப் போடறே, உள்ளே இருக்கிற சரக்குலே பாதி நம்ம பக்கத்து வீட்டு அத்தைங்க கை பட்டது.

சரி, கடைசியா என் தீர்ப்பு. மூணுலே முதலாவது கிடையவே கிடையாது. ரெண்டாவது, அடுத்த தைப்பூசத்துக்கு இன்னொரு காவடி வீடியோ எடுத்துக் காட்டு, அப்புறம் பேசுவோம். மூணாவது நல்ல மெஷின், ஆனா அந்த மேக்ரோ எக்ஸெல் ஓடிச்சான்னு பார்த்துட்டு வா. இல்லேன்னா விண்டோஸ்லேயே 16 ஜிபி, 512 ஜிபி எஸ்.எஸ்.டி., மூணாவது எண் 3ஆவது 4ஆவது இருக்கிற ரைசனோ, இல்லே ஒரு கோர் அல்ட்ரா 5ஓ, ஒன்றரை கிலோவுக்குள்ளே, நல்ல திரையோட தேடு. 11.11 தள்ளுபடி வரைக்கும் பொறுக்க முடிஞ்சாப் பொறு. தவணை மட்டும் வேண்டாம். அதுவும் வேண்டாம்னா பழசுக்கே எஸ்.எஸ்.டி. போட்டுக்கோ.

பழசை வச்சிக்கிட்டா என்கிட்டே நீ 1,500 கேக்க வேண்டியதில்லே, எனக்கு அது லாபம். புதுசுதான் வேணும்னா அந்த 1,500ஐ நான் தர்றேன், ஆனா பழைய மெஷின் என்கிட்டே வந்திடணும். கடைக்காரன் டிரேட்-இன்னுக்கு என்ன குடுக்கறான்னு எனக்குத் தெரியும். அதுக்கு மேலே ஐம்பது வெள்ளி போட்டு, 1,500லே கழிச்சிக்கறேன். போன சனிக்கிழமை மத்தியானம் நீ தூங்கினப்போ திறந்து பார்த்துட்டேன். ஐ5-8250யு, எட்டாம் தலைமுறை, டி.பி.எம். இருக்கு, விண்டோஸ் 11 ஏறும். எஸ்.எஸ்.டி. அன்னைக்கே ஆர்டர் போட்டாச்சு, நேத்து வந்து அலமாரியிலே இருக்கு. வர்றப்போ சார்ஜரை மறந்துடாதே. அந்தக் காவடி வீடியோவை மட்டும் அழிச்சிட்டுக் கொண்டா, எனக்கு இடம் வேணும்.